வெட்டுப்பட்ட வில்லை

அக்டோபர் பாதி. காயானியில் பனி இன்னும் விழவில்லை,
வியாழக்கிழமை என்கிறது வானொலி.
குளிர்காலச் சக்கரங்கள் நான்கையும்
நிலவறையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தேன்.
லிஃப்டின் சுவரில் நான்கு கறுப்புக் கோடுகள்.
கூட்டுச் சங்கத்திலிருந்து கடிதம் வரும், வரட்டும்.

முற்றம் முழுக்கச் சரளை.
ஜாக்கி புதையாமலிருக்க
ஒரு கனத்த பலகை போட்டேன்.
கை பிரேக். முதல் கியர்.
மூலைக்கு மூலையாய், பின் இடது சக்கரத்துக்கு
முன்னும் பின்னும் இரண்டு மரக்கட்டை.
சக்கரம் தரையில் இருக்கும்போதே
நட்டுகளை அரைச்சுற்று இளக்கிவிட வேண்டும்;
ஐந்தாவது நட்டுக்கு
ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்தேன்.
மூன்றாம் மாடியில் திரைச்சீலை அசைந்தது.

பிறகு பழைய கம்பளத்தில் படுத்து
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன்.

கதவுக்குக் கீழே
இரண்டு தகடுகள் சேர்ந்து இறங்கும் தையல்.
வண்டியின் நீளத்துக்கும் ஓடுகிற மெல்லிய விளிம்பு.
அதில் விரல் வைத்தால் தெரியும் இரண்டு சிறு வெட்டுகள்;
அவற்றுக்கு நடுவே மட்டும்
உள்ளே இன்னொரு தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்.
அங்கே தூக்கு என்று
செய்தவர்கள் சொல்லிவிட்டுப் போன இடம்.

அதற்கு ஒரு சாண் தள்ளி
விளிம்பு மடங்கிக் கிடக்கிறது,
படித்த பக்கத்துக்கு அடையாளமாய்
யாரோ முனையை மடித்துவைத்ததுபோல்.
வண்ணம் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி,
உப்பின் பின்னால் துரு.

யாரோ என்ன யாரோ.
மூன்று குளிர்காலத்துக்கு முன்,
நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்,
முற்றத்தில் ஒரு தகரடப்பா நசுங்கும் சத்தம்.
உள்ளே வந்த ஓஸ்மோ கையைக் கழுவினான்,
வழக்கத்தைவிட நீண்ட நேரம்.

ஜாக்கியின் தலை தட்டையான இரும்பு.
கத்திமுனை போன்ற தையலை
அதன்மேல் நிறுத்தினால் தையல்தான் தோற்கும்.
நடுவில் பள்ளம் உள்ள ஏதாவது வேண்டும்,
விளிம்பு உள்ளே இறங்கிக்கொள்ள,
பாரத்தை இருபக்கத் தோள்களும் வாங்கிக்கொள்ள.

அலமாரியில் இருந்தது.
பனி ஹாக்கியின் கறுப்பு ரப்பர் வில்லை.
சுற்றிலும் வெள்ளை நாடா, அதில் அவன் கையெழுத்து:
மூன்றுக்கு இரண்டு, மார்ச் 14, 1998.
போகும்போது பாதிப் புத்தகங்களோடு விட்டுப்போனது.
கீழ்வீட்டு ரெய்யோவின் பட்டறைப் பிடியில் இறுக்கி
இரும்பறுக்கும் ரம்பத்தால் ஒரு மாலை முழுக்க அறுத்தேன்.
நாடா முதலிலேயே உரிந்துவிட்டது.

வில்லையை வைத்தேன். பம்பை மெல்ல அடித்தேன்.
தொட்டதும் நிறுத்தி, மறுபடி படுத்து,
தையல் பள்ளத்துக்குள் நேராக நிற்கிறதா பார்த்து,
அப்புறம்தான் அடுத்த அடி.
ஸ்பிரிங் நீண்டது, சக்கரம் சரளையை விட்டது.
பக்கத்துச் சட்டத்தின் கீழ் ஸ்டாண்டையும் நிறுத்திவிட்டே
நட்டுகளைக் கழற்றினேன்.
ஜாக்கியை மட்டும் நம்பிக் காலை உள்ளே நீட்டியவர்களை
அவசரப் பிரிவில் இரவுப் பணியில் பார்த்தவள் நான்.

சக்கரம் வரவில்லை. துரு பிடித்து ஒட்டியிருந்தது.
குதிகாலால் ஓங்கி உதைக்கும்போது
போன் அடித்தது.

"பழைய அணி கூடுகிறோம்," என்றான் ஓஸ்மோ,
"அந்த வில்லையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமாம்.
உன்னிடம்தானே?"
"என்னிடம்தான்."
"பத்திரமாக இருக்கிறதா?"
"முந்நூறு கிலோ தாங்கிக்கொண்டிருக்கிறது."

அவன் பேசவில்லை.
இந்த ஊரில் அது ஒரு பதில்தான்.
பிறகு, "எந்தப் பக்கம்?"
"முன் வலது."
"அங்கே... கொஞ்சம் மடங்கியிருக்குமே."
"இருக்கிறது."
"நான்தான்."
"தெரியும். சமையலறையில் கேட்டது."

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான்.
பள்ளத்தைப் பற்றி நானாகச் சொல்லவில்லை.

நான்காவது உதையில் சக்கரம் கழன்றது.
புதியதை மாட்டி, இறக்கி,
நட்சத்திரம் வரைவதுபோல் எதிரெதிராக முடுக்கினேன்.
மடங்கின இடத்தைக் கம்பித்தூரிகையால் சுரண்டி
துருத்தடுப்பு பூசினேன்; நிமிர்த்த முயலவில்லை,
மறுபடி வளைத்தால் அங்கேயே கிழியும்.

கையில் வில்லை இன்னும் சூடாக இருப்பதாகத் தோன்றியது.
இருக்காது. பூஜ்ஜியத்துக்குக் கீழே நான்கு.
மூன்று சக்கரம் பாக்கி.
பலகையை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.